உங்களுக்குத் தெரியுமா? கடலில் வேட்டை, நன்னீரில் குளியல்

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் நீர்நாய்கள் கடலில் மீன் பிடிக்கின்றன. ஆனால் நன்னீரில் குளிக்காவிட்டால் அவற்றால் உயிர் வாழ முடியாது! உடலில் தடித்த கொழுப்பு கிடையாது. குளிரைத் தாங்க ரோமம்தான் துணை. உப்பு படிந்த ரோமம் கதகதப்பைக் காக்காது.

● அதே தீவுகளில் உள்ள சல்லம் வோ, ஐரோப்பாவின் மிகப் பெரிய எண்ணெய் முனையங்களுள் ஒன்று. ராட்சதக் கப்பல்கள் வந்துபோகும் அந்தக் கரையும் நீர்நாய்களின் பூமிதான்.

● ஆளைப் பார்ப்பது அபூர்வம், தடயங்கள் காட்டிக்கொடுக்கும். ஐந்து விரல் கால்தடம். சிறு நன்னீர்க் குட்டையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. பாறை மேல் மீன்முள்ளும் நண்டோடும் கலந்த எச்சம். அதன் வாசனை மல்லிகைத் தேநீர் போல இருக்குமாம் (முகர்ந்து பார்த்த ஆய்வாளர்கள் சொல்வது, நம்பித்தான் ஆகவேண்டும்). திரும்பத் திரும்ப எச்சமிடும் இடத்தில் புல் மட்டும் பச்சைப் பசேலென்று செழிக்கும்.

● 1978 டிசம்பரில் சல்லம் வோவில் எஸ்ஸோ பெர்னீசியா கப்பலிலிருந்து ஆயிரம் டன்னுக்கும் மேல் எரிஎண்ணெய் கொட்டியது. குறைந்தது 13 நீர்நாய்கள் இறந்தன. முனையத்துக்கு எண்ணெய் வரத் தொடங்கியதே அதற்கு முந்தைய மாதம்தான்.

● இதே இனம், யூரேசிய நீர்நாய், நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் உண்டு.

● ஸ்காட்லாந்தில் நீர்நாய் வளையைச் சேதப்படுத்துவது சட்டப்படி குற்றம்.