பந்தத்துக்குப் பின்னால் ஒரு டின்

சிலம்பக்காரர் இரு முனையிலும் தீப்பந்தம் கட்டிச் சுற்றும்போது கூட்டம் நெருப்பை விட்டுக் கண்ணை எடுக்காது. விவரம் தெரிந்தவர்களோ திரைக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய் டின்னைத்தான் முதலில் போய்ப் பார்ப்பார்கள்.

எரிவது எண்ணெய் அல்ல, அதிலிருந்து கிளம்பும் ஆவி. பொறி பட்டதும் பற்றுமளவு ஆவி சேர மண்ணெண்ணெய்க்குக் குறைந்தது 38 பாகை செல்சியஸ் வேண்டும். பெட்ரோலுக்குச் சுழியத்துக்குக் கீழே 40 பாகையே போதும். அதை இந்தக் கலைக்குள் விடவே கூடாது. அதற்காக மண்ணெண்ணெயைச் சாது என்று நம்பிவிடவும் முடியாது. மே மாத மதியத்தில் வேலூர் நிழலிலேயே 40 பாகையைத் தாண்டும். வெயிலில் வைத்த டின்னைக் கேட்கவே வேண்டாம்.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் டின்னுக்கு மேடான, நிழலான, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். பற்றவைக்கும் இடம் காற்றின் போக்கில் அமையாமல் பக்கவாட்டில் தள்ளி இருக்கட்டும். என்னைக் கேட்டால் பத்து மீட்டருக்குக் குறையக் கூடாது. அகன்ற அடியும் இறுக்கமான மூடியும் கொண்ட இரும்பு டின்னில் அன்றைக்குத் தேவையானது மட்டும். காவலுக்கு ஒருவர்; அவர் அன்று ஆடக் கூடாது. திரியை நனைத்ததும் மிச்ச எண்ணெயை இன்னொரு டின்னில் வடித்துவிட வேண்டும். வடிக்காத பந்தத்தைச் சுற்றினால் எரியும் துளிகள் முன்வரிசையில் போய் விழும்.

பலரும் கோட்டைவிடுவது இரண்டாம் சுற்றில்தான். அணைந்த பந்தத்தின் இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும், திரிக்குள் கங்கும் ஒளிந்திருக்கலாம். பருத்தித் துணி தானே கருகி எரிவதால் அதில் இந்த ஆபத்து அதிகம்; மேல்நாட்டுக் கலைஞர்கள் கெவ்லார் இழைத் திரிக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். எந்தத் திரியானாலும் சூட்டோடு டின்னில் முக்கினால் ஆவி குபீரென்று எழும். தனித் தகட்டில் ஆறப்போட்டு, கைக்குக் குளிர்ந்த பிறகே மறுபடி எண்ணெய்.

டின்னே பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது; எண்ணெய் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும். மூடி எட்டினால் மூடுவது, இல்லையேல் உலர்தூள் தீயணைப்பான். பக்கத்தில் வைக்கும் ஈரச் சாக்கு ஆடுகிறவரின் உடையில் தீப்பிடித்தால் போர்த்துவதற்கு. உடையும் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆட்டம் முடிந்து மீந்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுகிறவர்கள் உண்டு. அங்கேயும் ஆவி தேங்கும். மூடி போட்டுத் திரும்ப எடுத்துப்போவதுதான் முறை.