தேயிலை விளைந்த ஊரும் அதை விற்கும் தொழிலும்

கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே ரயில் பாதை ஹட்டனை எட்டியது. மலையில் விளைந்த சரக்கைத் துறைமுகத்துக்கு இறக்கும் வழியும், துறைமுக நகரில் அதற்கு விலை பேசும் களமும் இவ்வாறு அடுத்தடுத்து அமைந்தன. கொழுந்து பறிப்பதும் அதைத் தூளாக்குவதும் மலையகத்தின் பணி, அத்தூளுக்குப் பெயரிட்டுப் பொதி செய்து வாங்குவோரைத் தேடி விற்பது கொழும்பினதும் லண்டனினதும் பணி என்ற பிரிவினை அதன்பின் நிலைபெற்றுப் பல தலைமுறைகளுக்கு அசையாமல் இருந்தது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவைக் கற்றோரும் பட்டம் பெற்றோரும் இன்று சந்தைப்படுத்தல் தொழிலை நாடிச் செல்லும்போது, அவர்கள் அந்தப் பழைய பிரிவினையின் மறுகரைக்கே செல்ல முற்படுகின்றனர். அப்பயணத்துக்கு வேண்டிய அறிவில் கணிசமான பங்கு அவர்களிடம் ஏற்கெனவே உண்டு என்பதும், அதைத் தொழில் வழங்குவோர் அறியும்படி எடுத்துரைக்கும் பயிற்சியே குறைவாக உள்ளது என்பதும் இங்கு விளக்கப்பட வேண்டியவை.

சந்தைப்படுத்தல் என்பது எது?

பேச்சு வழக்கில் விற்பனையும் சந்தைப்படுத்தலும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. ஆயினும் கையிலுள்ள பண்டத்தை வாங்குபவரிடம் சேர்ப்பது விற்பனை. எவருக்கு எது தேவை, அதை அவர் என்ன விலைக்கு எங்கே எப்போது வாங்குவார் என்று முன்கூட்டியே ஆராய்ந்து, அதற்கேற்பப் பண்டத்தையும் அதன் பெயரையும் அமைப்பது சந்தைப்படுத்தல். அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட பாடநூலில் பண்டம், விலை, இடம், மேம்படுத்தல் என இதனை நான்கு கூறுகளாக வகுத்தார். இலங்கையின் வணிகக் கல்விப் பாடத்தில் மாணவர் பயிலும் சந்தைப்படுத்தல் கலவை என்பது இவ்வகுப்பேயாகும்.

ஹட்டனைச் சூழ்ந்த திம்புள்ளைப் பிரதேசத் தேயிலையைக் கொண்டே இந்நான்கையும் விளங்கிக்கொள்ளலாம். தோட்டத்துத் தொழிற்சாலையில் தரம் பிரிக்கப்பட்ட தூள் கொழும்புத் தரகர்களிடம் செல்கிறது. அவர்கள் மாதிரிகளை வாங்குவோருக்கு அனுப்பி, சுவைத்துப் பார்த்து, பட்டியலிட்டு ஏலத்தில் விடுகின்றனர். நூற்றாண்டுக்கு மேலாகக் கூவி நடத்தப்பட்டுவந்த அந்த ஏலம் கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரலில், இணையவழிக்கு மாறியது. ஏலத்தில் தோட்டத்தின் பெயர் வாங்குவோருக்குத் தெரியும். ஆனால் கடையில் தேநீர்ப் பொதியை எடுப்பவருக்குத் தெரிவது பொதியின்மேல் உள்ள வர்த்தகநாமம் மட்டுமே. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய ஸ்கொட்லாந்து வணிகர் தோமஸ் லிப்டன், தேயிலையைச் சிறு பொதிகளில் தம் பெயரோடு விற்று, அந்த நாமத்தின் பலனைத் தம் வசமாக்கினார். இலங்கையிலேயே பொதி செய்து, இலங்கையருக்குச் சொந்தமான நாமத்தில் உலகச் சந்தைக்கு அனுப்பும் முயற்சியில் மெரில் ஜே. பெர்னாண்டோ நிறுவிய டில்மா வெற்றிபெற்றது 1980களிலேயே ஆகும். தூய இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டாலன்றி இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைப் பொதியில் இடவியலாது என்ற விதியும் இதே நோக்கில் எழுந்தது. தேயிலையின் மதிப்பில் எவ்வளவு பங்கு செடியில் உண்டாகிறது, எவ்வளவு பங்கு பெயரில் உண்டாகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு இவ்வரலாற்றைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

ஹட்டன் தரும் தகைமை

ஹட்டன் நெடுங்காலமாகவே வணிக ஊர். சுற்றுத் தோட்டங்களின் பணத்தேவைக்கென 1888இல் இங்கு தொடங்கப்பட்ட ஹட்டன் வங்கியே 1970இல் ஹட்டன் நஷனல் வங்கியாக உருப்பெற்று, ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. இன்று சவர்க்காரம், பால்மா, பிஸ்கட் போன்ற அன்றாடப் பண்டங்களை விநியோகிப்போர், வங்கிகள், காப்புறுதி மற்றும் குத்தகை நிறுவனங்கள், தொலைபேசிக் கம்பனிகள், காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய துரை பங்களாக்களை விடுதிகளாக்கி நடத்தும் சுற்றுலாத் துறையினர் ஆகியோர் இப்பகுதியில் ஆட்களைத் தேடுகின்றனர். தொடக்கநிலைப் பதவி பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதி என்பதாகவே இருக்கும். கடை கடையாகச் சென்று கொள்வனவுக் கட்டளை எடுக்கும் அப்பணியைத் தாழ்வாக எண்ணுவது தவறு. நுகர்வோரின் பழக்கத்தை நேரில் காணும் வாய்ப்பு அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரைவிடப் பிரதிநிதிக்கே மிகுதியாகக் கிட்டுகிறது.

தோட்டப்புறத்தில் பிறந்தவருக்குத் தெரிந்து, கொழும்பு முகாமையாளருக்குத் தெரியாத செய்திகள் பல. தோட்டச் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி வழங்கப்படுவதால், அதையடுத்த ஞாயிறன்று ஹட்டன் கடைவீதியில் கூட்டம் பெருகும்; மாத இறுதியில் அதே குடும்பங்கள் தோட்டத்துக் கடையில் கடனுக்குச் சிறு பொதிகளாக வாங்கும்; தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரத்தில் துணியும் பாத்திரமும் மின்சாதனமும் விலைபோகும். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை நீடிக்கும் சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் யாத்திரிகரால் வேறொரு சந்தையே உருவாகிறது. எந்தப் பண்டத்தை எப்பொதியில், எம்மாதத்தில், எக்கடைக்கு அனுப்புவது என்பதே சந்தைப்படுத்தலின் அடிப்படை வினா என்றால், அதற்கான விடையின் பெரும்பகுதி இவ்வூரார் வாழ்க்கையிலேயே அமைந்துள்ளது. தமிழோடு சிங்களத்தையும் அலுவலக ஆங்கிலத்தையும் ஓரளவேனும் கையாள்பவருக்கு, மூன்று மொழி நுகர்வோரையும் அணுகவேண்டிய ஒரு நாட்டில் கிடைக்கும் மேலதிக மதிப்பையும் இதனுடன் சேர்த்து எண்ணவேண்டும்.

தேடும் முறை

இவ்வறிவைச் சுயவிபரக்கோவையில் காண்பது அரிது என்பதே வருந்தத்தக்கது. பிறந்த திகதி, பாடசாலை, பரீட்சைப் பெறுபேறு, உறவினரல்லாத இருவரின் பெயர் என்ற வரிசையோடு அது முடிந்துவிடுகிறது. விண்ணப்பிக்கும் கம்பனியின் பண்டம் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியா கடைகளில் எந்நிலையில் உள்ளது, போட்டிப் பண்டம் எது, எங்கே குறை என்பவற்றைச் சில நாட்கள் கடைக்காரரிடம் கேட்டறிந்து, ஒரு பக்கக் குறிப்பாக விண்ணப்பத்துடன் இணைப்பவர், சந்தை ஆய்வு என்று பாடநூல் கூறும் செயலைப் பதவி கிடைக்குமுன்னரே செய்து காட்டியவராவார். தந்தையின் பெட்டிக்கடையில் கணக்கு எழுதியதும், கோயில் திருவிழாவுக்கு விளம்பரதாரரைத் திரட்டியதும், முகநூலில் ஒரு தையற்கடைக்கு வாடிக்கையாளரைச் சேர்த்ததும் அனுபவமே. என்ன செய்யப்பட்டது, அதனால் என்ன விளைந்தது என்று எண்களுடன் எழுதப்பட்டால் அவற்றுக்கு மதிப்புண்டு.

லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகத் தாமதித்து வந்து, நேர்முகப் பரீட்சைத் திகதி கடந்தபின் கைக்கெட்டிய காலமும் இங்கு உண்டு. ஆகவே மின்னஞ்சலையும் நிலையான தொலைபேசி இலக்கத்தையும் விண்ணப்பத்தின் தலைப்பிலேயே குறிப்பிடுவதும், நாள்தோறும் அவற்றைப் பார்ப்பதும் அவசியம். 1970இல் நிறுவப்பட்ட இலங்கைச் சந்தைப்படுத்தல் நிறுவகமும், பிரித்தானியாவின் பட்டயச் சந்தைப்படுத்தல் நிறுவகமும் நடத்தும் பரீட்சைகள் நாடெங்கும் தொழில் வழங்குவோரால் மதிக்கப்படுகின்றன. பல்கலைக்கழக வாய்ப்பை இழந்தோருக்கு அவை மாற்று வழியாகும்.

விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிப்பது தேடலின் ஒரு பாதி மட்டுமே. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அறிமுகத்தின் மூலம் தொழில் பெற்றவர்களை ஆராய்ந்து, அவர்களுள் பெரும்பாலோருக்குச் செய்தி தந்தவர்கள் நாள்தோறும் காணும் நெருங்கியவர்கள் அல்லர், எப்போதாவது காணும் அறிமுகத்தாரே என்று காட்டினார். நெருங்கியவர்கள் அனைவரும் ஒரே செய்தியை அறிந்திருப்பர்; தூரத்து அறிமுகத்தார் வேறு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருவர் என்பது அவர் கண்ட காரணம். ஒரே லயத்திலும் ஒரே தோட்டத்திலும் உறவு செறிந்திருக்கும் மலையகத்துக்கு இக்கண்டுபிடிப்பு மிகவும் பொருந்தும். பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், கொழும்பில் கணக்காளராகவோ வங்கி உத்தியோகத்தராகவோ பணிபுரியும் மூத்த மாணவர், கடைக்கு வரும் விநியோக வண்டிக்காரர் ஆகியோரிடம் தயங்காது விசாரிப்பது, கௌரவக் குறைவன்று; தொழில் தேடலின் இயல்பான வழி அதுவே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. சந்தைப்படுத்தல் வேலை என்ற பெயரில் இளைஞரை அழைத்து, முதலில் பணம் கட்டச் செய்து, மேலும் ஆட்களைச் சேர்த்தால் தரகுப்பணம் தருவதாகக் கூறும் திட்டங்கள் மலையக நகரங்களிலும் பரவியுள்ளன. வருமானம் பண்டத்தின் விற்பனையிலிருந்து வராமல், புதிதாகச் சேர்பவர் கட்டும் பணத்திலிருந்து வருமாயின் அது பிரமிட் திட்டமாகும். இலங்கையின் வங்கிச் சட்டம் அதைக் குற்றமாகத் தடைசெய்துள்ளது, மத்திய வங்கியும் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. தாயின் சேமிப்பையும் நகையையும் இதில் இழந்த குடும்பம் மீள்வது கடினம் என்பதால், வேலைக்குப் பணம் கேட்கும் எவரையும் நம்பலாகாது.

பதவியேற்றபின்

தொழில் கிடைத்ததும் முதலில் கையில் இருக்கவேண்டியது நியமனக் கடிதம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்கீழ்ப் பதவியின் பெயர், அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், விடுமுறை, தகுதிகாண் காலத்தின் நிபந்தனைகள் ஆகியவற்றை எழுத்தில் பெற ஊழியருக்கு உரிமையுண்டு. தகுதிகாண் காலம் என்பது, பெரும்பாலும் 6 மாதங்களுக்கு, ஊழியரின் பொருத்தத்தை நிறுவனம் கண்டறியும் காலம். அக்காலத்தில் ஊழியர் சேமலாப நிதி கிடையாது என்று சிலர் கூறுவது தவறு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியரின் சம்பாத்தியத்தில் 8 வீதத்தை அவரது பங்காகவும், 12 வீதத்தைத் தம் பங்காகவும் வேலை தருவோர் முதல் நாளிலிருந்தே செலுத்தவேண்டும். இதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதத்தை வேலை தருவோரே செலுத்தவேண்டும். அடிப்படைச் சம்பளமே இல்லாமல் தரகுப்பணம் மட்டும் தரும் பதவியை ஏற்குமுன், இவையெல்லாம் உண்டா என்று கேட்டறிவது நன்று.

முதல் மூன்று மாதங்களில் செய்யவேண்டியது பேசுவதைவிடக் கேட்பதே. தம் பாதையிலுள்ள ஒவ்வொரு கடையின் பெயர், கடைக்காரரின் குணம், இருப்பு, கடன் நிலுவை, திருப்பி அனுப்பப்படும் பண்டங்கள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவரும் பிரதிநிதி, மாதாந்த விற்பனை இலக்கு எட்டாதபோதும் அதன் காரணத்தை முகாமையாளருக்கு விளக்கக்கூடியவராக இருப்பார். காரணம் அறிந்தவருக்கே அடுத்த மாதம் திருத்த வழியுண்டு. இலக்கை எட்டவேண்டுமென்று கடைக்காரருக்கு அளவுக்கு மீறிச் சரக்கை இறக்குவது, அம்மாதக் கணக்கை நிறைவாகக் காட்டினும், காலாவதியான சரக்காகவும் இழந்த நம்பிக்கையாகவும் திரும்பி வரும். கொழும்புக்குச் செல்வோருக்கு இத்துடன் தங்குமிடச் செலவும் தனிமையும் சேர்கின்றன. குறிப்பாகப் பெண்கள் பாதுகாப்பான விடுதியை முன்கூட்டியே உறுதிசெய்து, முதல் சம்பளம் வரும்வரையிலான செலவையும் கணக்கிட்டே புறப்படவேண்டும்.

இவ்வளவும் தனிமனித முயற்சியாகவே விடப்படுவது நியாயமன்று. ஹட்டன் பாடசாலைகளின் வர்த்தகப் பிரிவுகள் உயர்தர மாணவரைக் கொண்டு ஆண்டுக்கொரு கடைவீதி ஆய்வு நடத்தலாம். பழைய மாணவர் சங்கங்கள் பரிசளிப்பு விழாவுக்குத் தரும் அக்கறையில் ஒரு பங்கையேனும் நேர்முகப் பயிற்சிக்குத் தரலாம். மலையகத்தில் பண்டம் விற்கும் கம்பனிகள் தம் வேலை விளம்பரங்களைத் தமிழிலும் வெளியிடலாம். மலையகத்துத் தேயிலைக்கு விலை பேசுவோரின் வரிசையில் மலையகத்தார் அமரும்போது, தோட்டங்களின் பெயரும் அங்கு உழைப்போரின் நிலையும் பொதியின்மேலும் பேச்சிலும் இடம்பெறும் வாய்ப்பு அதிகரிக்கும். ஒரு குடும்பத்தின் வருமானத்தோடு முடிந்துவிடாமல் ஒரு மக்கள் கூட்டம் தன் உழைப்பின் மதிப்பைத் தானே எடுத்துரைக்கும் நிலைக்கு வருவதற்கும் இத்தொழில் வழியாகலாம் என்பதாலேயே, ஹட்டன் இளைஞர் ஒவ்வொருவரின் விண்ணப்பமும் கவனமாக எழுதப்பட வேண்டியதாகிறது.