அளவு பார்த்துக் கொடுங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம்களில் சக்கர நாற்காலி வழங்கும் படங்களைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். வரிசையாக நிற்கும் நாற்காலிகள் பெரும்பாலும் ஒரே அளவு. வாங்க வந்தவர்களிலோ ஒல்லியான பள்ளிச் சிறுமியும் இருப்பாள், ஆஜானுபாகுவான ஆளும் இருப்பார்.

தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனவருக்கு இந்த அளவுதான் எல்லாமே. இருக்கை நாலு விரல் கூடுதலாக அகன்றிருந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். நாளாக ஆக முதுகெலும்பும் வளையும். கால்மிதி உயரமாக இருந்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு, பாரமெல்லாம் பிட்டத்து எலும்பில் இறங்கும். அங்கே வலி தெரியாது. தோல் சிவந்து, உரிந்து, துணியில் ஈரம் படும்போதுதான் வீட்டார் கவனிப்பார்கள். புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. நல்ல மெத்தையும், அரை மணிக்கொரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளும் பழக்கமும் இருந்தால் பெரும்பாலும் இதைத் தடுத்துவிடலாம். அதைச் சொல்லித்தர முகாமில் யாருக்கு நேரம் இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே இதற்கு வழிமுறை வகுத்துவிட்டது. அளவெடுப்பது, பொருத்திப் பார்ப்பது, பயிற்சி தருவது, பிறகும் தொடர்ந்து கவனிப்பது எல்லாம் சேர்ந்ததுதான் சக்கர நாற்காலிச் சேவை என்கிறது அது. அந்த நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதாவதொரு உதவிக் கருவி தேவை. ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. கிடைத்தும் பொருந்தாதவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன்.

செய்ய முடியாத காரியமல்ல இது. சென்னை ஐஐடியின் ஆய்வு மையத்தில் உருவான 'நியோஃப்ளை' நாற்காலியை உட்காருபவரின் உடல்வாகுக்கேற்ப அமைத்துத் தருகிறார்கள். அதன் முன்னால் 'நியோபோல்ட்' என்ற மோட்டார் இணைப்பை மாட்டினால் சாலையிலும் ஓட்டிச் செல்லலாம். ஆனால் விலை பல்லாயிரம் ரூபாய். கூலி வேலைக் குடும்பத்துக்கு எட்டாத தொகை. அரசு கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு உதவிக் கருவிகளை இலவசமாகத் தர 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வழிசெய்கிறது. எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, மாவட்டந்தோறும் அளவெடுத்துப் பொருத்தத் தெரிந்தவர்களை அமர்த்துவதே முதல் வேலை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ சக்கர நாற்காலி வாங்கப் போகிறவர் இருந்தால் உட்காரவைத்துப் பாருங்கள். இடுப்புக்கும் பக்கத் தடுப்புக்கும் நடுவே உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்கும் இடம் போதும். அதற்குமேல் இடைவெளி இருந்தால் தயங்காமல் வேறு அளவு கேளுங்கள்.