மாத்திரைக்கு விடுமுறை இல்லை



ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலை வாயிற்காவலர், அடையாள அட்டை இல்லாத எவரையும் உள்ளே விடுவதில்லை. தங்கள் உடலிலும் அத்தகைய காவல் உண்டு. உடலின் அணுக்கள்மீது 'எச்.எல்.ஏ.' எனும் புரதங்கள் அட்டைபோல் அமைந்துள்ளன. அவற்றைச் சோதிக்கும் காவலர், இரத்தத்திலுள்ள 'டி' வெள்ளையணுக்கள். வந்திருப்பது கிருமியா, உடன்பிறந்தவன் ஈந்த சிறுநீரகமா என்று அவை பார்ப்பதில்லை; அட்டை வேறாயின் தாக்கும்.

தம்பி தந்த சிறுநீரகம் பழுதானால், "அவன் மனதாரத் தரவில்லை போலும்" என்று சில வீடுகளில் பேசுகின்றனர். எத்துணை அநியாயமான பேச்சு! உடன்பிறந்தார் இருவரிடையே முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. 1954-இல் போஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே செய்த சிறுநீரக மாற்று வென்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதே.

ஏனையோருக்கு மருந்தே துணை. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1971-இல் சிறுநீரக மாற்றில் வெற்றி கண்டபோது, இன்றுள்ள மருந்துகள் இல்லை. 1980-களில் சைக்ளோஸ்போரின் பரவலாயிற்று. இன்று பெரும்பாலோர் உட்கொள்வது டாக்ரோலிமஸ். இவை காவலரின் கைகளைக் கட்டிவைக்கின்றன, அவ்வளவே. பத்தாண்டு கழிந்த பின்னும் கட்டுத் தளர்ந்தால் தாக்குதல் தொடங்கிவிடும்.

டாக்ரோலிமஸைப் பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை உட்கொள்ள வேண்டும். ஷிப்டு மாறும், மாத்திரை நேரம் மாறலாகாது. இரவுப் பணிக்குச் செல்பவரின் சாப்பாட்டுப் பையில் மாத்திரையும் இருக்கட்டும். நோன்பு நேரமோ நம் பகுதியில் பன்னிரண்டு மணியைத் தாண்டுகிறது. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்க, "ஒரு மாதந்தானே" என்று வீட்டார் வற்புறுத்துவது முறையன்று. மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்கவும் வேண்டாம். 'எதிர்ப்புச் சக்தி பெருகும்' என்று அக்கம்பக்கத்தார் தரும் கஷாயமும் அவ்வாறே. அடக்கிவைத்த காவலரைத் தட்டியெழுப்பவா?

காய்ச்சல், கால் வீக்கம், சிறுநீர் குறைதல் ஆகியன எச்சரிக்கைகள். ஆயினும் வலியோ வீக்கமோ இன்றியே நிராகரிப்பு தொடங்குவதுண்டு; அதனை முதலில் காட்டுவது பெரும்பாலும் இரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் அளவே. உரிய காலத்தில் கண்டால் ஊசி மருந்தால் பலருக்கு அடக்கிவிடலாம். சோதனை நாள் வேலை நாளாயின், விடுப்பு எடுத்தாவது போய்விடுங்கள்.