பேக்கேஜில் நூறு, கைப்பேசியில் பத்து!

ஞாயிற்றுக்கிழமையானால் போதும், கையில் தாளோடு இணைய விற்பனையாளர்கள் லயத்து வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். "அக்கா, லைன் ஸ்லோவா இருக்கா? அடுத்த பேக்கேஜுக்கு மாறுங்க, பறக்கும்" என்பது அவர்கள் பேச்சு. மாறினால் மாதம் நாற்பதோ ஐம்பதோ வெள்ளி கூடும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது உண்மைதான். அதற்காக ஐம்பது வெள்ளி தோட்டக் குடும்பத்துக்குச் சின்னக் காசாகிவிடுமா? பிள்ளையின் பள்ளி வேன் காசில் பாதி அது. ஆகவே, தோழர்களே, கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: வேகம் குறைவது எந்த இடத்தில்? கம்பெனிக்காரன் லைனிலா, உங்கள் வீட்டுக்குள்ளேயா? வீட்டுக்குள் என்றால், பெரிய பேக்கேஜ் வாங்கியும் பயனில்லை.

முதலில் அந்தத் தாளில் இருக்கும் கணக்கைப் பார்ப்போம். '100 எம்.பி.பி.எஸ்.' என்று போட்டிருக்கும். டாக்டர் படிப்பு அல்ல! விநாடிக்கு 100 மெகாபிட் என்று பொருள். ஆனால் ஒரு படத்தை இறக்கும்போது கம்ப்யூட்டர் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். எனவே 100 மெகாபிட் லைனில் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் இறங்கும். "நூறுன்னு சொல்லிட்டு பன்னெண்டு கொடுக்கிறான்" என்று இதைக் கண்டு சண்டைக்குப் போவதில் நியாயமில்லை. பால் வெட்டிய பெரியவர்களுக்கு இது புதுக்கணக்கல்ல. ஸ்டோரில் நிறுத்த பால் எடை ஒன்று, மெட்ரோலக் போட்டுப் பார்த்துப் புத்தகத்தில் எழுதிய உலர் ரப்பர் எடை வேறொன்று அல்லவா?

அடுத்தது, இணையம் எந்த வழியாக வருகிறது என்பது. முன்பு ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் தொலைபேசியின் செம்புக் கம்பியில் வந்தது. செம்பில் தூரம் கூடக் கூட வேகம் தேயும். தொலைபேசி நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தாண்டிவிட்டால் பெயருக்குத்தான் லைன். தோட்டங்களோ எல்லாவற்றுக்கும் கடைசியில்! 2010-ல் யூனிஃபை மூலம் வந்த ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஓடுவது வெளிச்சம். பட்டணத்து வீட்டுக்கும் தோட்டத்து வீட்டுக்கும் அதில் வேக வித்தியாசம் இருக்க வேண்டியதில்லை. இழை மடங்கினாலோ அறுந்தாலோதான் தொல்லை.

ஃபைபர் வராத தோட்டங்களில் கோபுரத்துச் சிக்னலைத்தான் நம்பியிருக்கிறோம். லயத்தின் பொதுக்குழாயை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்குத் திறந்தால் பீறிட்டு வரும். சாயங்காலம் எல்லாரும் குளிக்கும் நேரத்தில் சொட்டும். ஒரு கோபுரத்தின் வேகத்தை அந்த வட்டாரமே பங்கு போட்டுக்கொள்கிறது. இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை எல்லா வீட்டிலும் படம் ஓடினால், உங்கள் பங்கு சுருங்கத்தான் செய்யும். செம்பனை மட்டைகளும், மழையில் நனைந்த இலைகளும் சிக்னலை இன்னும் குறைக்கும். மேடு மறைத்தால் கேட்கவே வேண்டாம். 2020-ல் சபா மாநிலத்தில் ஒரு மாணவி சிக்னலுக்காக மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து தேர்வு எழுதியதை நாடே பார்த்தது. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது பெரிய பேக்கேஜா? 2021 கடைசியோடு 3ஜி சேவையும் மூடப்பட்டது. 4ஜி இல்லாத பழைய கைப்பேசியை வைத்துக்கொண்டு பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

வானத்துச் செயற்கைக்கோள் வழியும் உண்டு. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதன் வழி பேசினால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை விநாடி போய்விடும். 2023-ல் இங்கே வந்த ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தத் தாமதம் குறைவு. விலையைப் பார்த்தால் தனி ஒரு குடும்பம் தாங்குமா என்பதுதான் கேள்வி.

இப்போது வீட்டுக்குள் வருவோம். நான் போகும் வீடுகளில் ரவுட்டர் பெட்டி இருக்கும் இடமே ஒரு கதை. டிவிக்குப் பின்னால், அலமாரிக்குள், சில வீடுகளில் சாமி மேடைக்குக் கீழே சாம்பிராணிப் புகையில்! ஒரு அம்மா தூசி படாமலிருக்க மைலோ டின்னுக்குள் இறக்கி வைத்திருந்தார். தகரம் சிக்னலை மறிக்கும், அம்மா! ஜிங்க் தடுப்பும் அப்படித்தான். பெட்டியை வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்தாற்போல் வையுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, தூரம் போகாது. அடுக்களையில் இருந்துகொண்டு 5-ஐப் பிடிக்கப் பார்த்தால் சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும். பக்கத்து வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-இல் குறுக்கிடும்.

சோதனை இப்படிச் செய்யுங்கள். பிள்ளையின் லேப்டாப்பைக் கேபிள் போட்டு நேரே ரவுட்டரில் மாட்டுங்கள். மற்ற கைப்பேசிகளின் வைஃபையை அணைத்துவிட்டு வேகச் சோதனையை ஓட்டி, எண்ணை எழுதுங்கள். லேப்டாப் இல்லையா? பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் நின்று, கைப்பேசியில் 5 கிகாஹெர்ட்ஸ் பிடித்துப் பாருங்கள். பிறகு அடுக்களையிலிருந்து ஒரு தடவை. காலையில் ஒரு முறை, இரவு ஒன்பதுக்கு ஒரு முறை. பெட்டி அருகே 95, அடுக்களையில் 10 என்று வந்தால் கோளாறு வீட்டுக்குள். பெட்டி அருகிலேயே 10 என்றால் கம்பெனிக்காரன் பதில் சொல்ல வேண்டும். தேதி, நேரம், எண் மூன்றையும் சொல்லிப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம்.

தேவை எவ்வளவு என்பதையும் பாருங்கள். தெளிவான படம் ஒன்று ஓட 5 மெகாபிட் போதும். முகம் பார்த்துப் பேசும் வகுப்புக்கு மூன்று, நான்கு. நாலு பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் முப்பதைத் தாண்டாது. நூறு ஓடும் வீட்டுக்கு முந்நூறு எதற்கு?

ஃபைபரே வராத தோட்டத்தில் இருப்பவர்களுக்கு வேலை வேறு. நிலம் தோட்டத்துடையது. கம்பம் நடவும் கேபிள் இழுக்கவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு வீட்டுக்காரர் போய்க் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதிலோடு முடிந்துவிடும். லயம் வாரியாக எத்தனை வீடு, படிக்கிற பிள்ளைகள் எத்தனை, இரவு ஒன்பதுக்குக் கோபுரத்து வேகம் எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டுத் தலைவர் வழியாகக் கொடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று ஆபீசுக்கு. மற்றதில் பெரிய கிராணியிடம் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.