மெட்டு சரி, புள்ளி தப்பு

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் ஒரு சின்னக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். 25 அடிக்கு ஒரு தென்னை வீதம் நேர்வரிசையில் 10 மரங்கள் நட வேண்டும். முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரை எவ்வளவு தூரம்? அவசரக்காரர் 250 அடி என்பார். குழி எடுத்துப் பழகியவர் 225 அடி என்பார். மரங்கள் பத்து, இடைவெளிகள் ஒன்பது. மரத்தை எண்ணுகிறோமா, இடைவெளியை எண்ணுகிறோமா, தொடக்க மரத்துக்கு எண் ஒன்றா, பூச்சியமா என்பதில் தெளிவு இல்லாவிட்டால் கணக்கு ஓர் இடம் தள்ளிப் போய்விடும்.

கல்லூரியில் பல ஆண்டுகளாக இயற்பியல் நடத்திவரும் நான் இந்தக் கணக்கில் தவறினேன். தோப்பில் அல்ல, ஒரு கிட்டாரில்.

என் அக்காள் மகன் மேல்நிலை முதலாண்டு முடித்த கோடை விடுமுறையில், நாமே ஒரு கிட்டார் செய்யலாம் என்று வந்து நின்றான். வீட்டுப் பரணில் என் தந்தையாரின் பழைய கட்டில் சட்டம் ஒன்று கிடந்தது. நல்ல ஈட்டி மரம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் இந்த ஈட்டிதான் கிட்டாரின் விரல் பலகைக்கு உலகெங்கும் விரும்பப்படும் மரங்களுள் ஒன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் கிட்டார் நிறுவனம்கூட 1969-இல் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சட்டம். அதிலிருந்து ஒரு விரல் பலகைதான் அறுக்க முடியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விரல் பலகையின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளை வீணைக்காரர்கள் மெட்டு என்கிறார்கள். கிட்டார்க்காரர்கள் ஃப்ரெட் என்பது இதையே. கம்பியை ஒரு மெட்டின்மேல் அழுத்தினால், அந்த மெட்டிலிருந்து குதிரை வரையுள்ள பகுதி மட்டுமே அதிரும். இழுவிசை மாறாதபோது கம்பியின் அதிர்வெண் அதன் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதை நீங்கள் சுரமானி சோதனையில் கண்டிருப்பீர்கள். நீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்கு. கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜம் ஆகிவிடும்.

இந்த ஒரு ஸ்தாயியைக் கிட்டாரில் 12 சம படிகளாகப் பிரிக்கிறார்கள். 'சம' என்றால் சம தூரம் அல்ல, சம விகிதம். ஒவ்வொரு படியிலும் அதிர்வெண்ணை ஒரே எண்ணால் பெருக்க வேண்டும். 12 முறை பெருக்கினால் 2 வர வேண்டும். அந்த எண் 1.05946. ஆகவே ஒவ்வொரு மெட்டும் மிச்சமிருக்கும் நீளத்தில் ஏறக்குறைய 17.8-இல் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் குறையக் குறையப் பங்கும் குறையும். மெட்டுகள் குதிரையை நோக்கி நெருங்கிக்கொண்டே போவது இதனால்தான்.

எங்கள் கிட்டாரில் கம்பியின் நீளம் 650 மி.மீ. முதல் மெட்டு தலைப்பக்கத்திலிருந்து 36.5 மி.மீ. தொலைவிலும், இரண்டாவது 70.9-இலும், ஏழாவது 216.2-இலும், பன்னிரண்டாவது மிகச் சரியாக நடுவில் 325 மி.மீ.-இலும் வர வேண்டும். கணிப்பானில் நீங்களே போட்டுச் சரிபாருங்கள்.

கணிப்பான் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 18-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டார்கள். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி ஓர் இசைவாணர். அவர் 1581-இல் வெளியிட்ட நூலில் 18:17 என்ற இந்த விகிதத்தைப் பரிந்துரைத்தார். (கம்பியின் இழுவிசையை 4 மடங்காக்கினால்தான் அதிர்வெண் 2 மடங்காகும் என்று எடை கட்டித் தொங்கவிட்டுக் கண்டவரும் அவரே. மகனுக்குச் சோதனைப் பித்து எங்கிருந்து வந்தது என்பது புரிகிறதல்லவா?) இவ்விதியின்படி எங்கள் பன்னிரண்டாம் மெட்டு 322.6 மி.மீ.-இல் விழும். நடுவுக்கு 2.4 மி.மீ. குறைவு. தவறான விதி என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். பின்னால் இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

மெட்டுகளை நாங்கள் 0.5 மி.மீ.-க்குக் குறைந்த பிழையில் அறுத்துப் பதித்தோம். அடுத்து அடையாளப் புள்ளிகள். கிட்டாரின் கழுத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். 3, 5, 7, 9 ஆகிய மெட்டுகளுக்கு ஒவ்வொரு புள்ளி, 12-க்கு இரண்டு. இவற்றால் ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை. வாசிப்பவரின் கண்ணுக்கு இவை மைல் கல். விரல் மெட்டின்மேல் அல்ல, அதற்குச் சற்று முன்னால் அழுந்துவதால் புள்ளியும் மெட்டுக்கு முந்திய இடைவெளியின் நடுவில் இருக்க வேண்டும். ஒன்பதாம் புள்ளி எட்டாம் மெட்டுக்கும் ஒன்பதாம் மெட்டுக்கும் இடையில், 252 மி.மீ.-இல்.

இடங்களைக் குறித்துக் கொடுத்தவன் நான். தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டுக்கு நட் என்று பெயர். அதையும் ஒரு கோடாகப் பார்த்து 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். அது பூச்சியம்! விளைவு, எல்லாப் புள்ளிகளும் ஓர் இடைவெளி முன்னே வந்து 2, 4, 6, 8, 11-க்கு உரிய இடங்களில் உட்கார்ந்துவிட்டன. பையன் நம்பிக்கையோடு துளையிட்டு, 6 மி.மீ. சிப்பி வட்டங்களை அரால்டைட்டில் ஒட்டி, தேய்த்து மெருகும் ஏற்றிவிட்டான்.

கம்பி கட்டிய அன்று மாலை ஐந்தாம் கம்பியைச் சுருதி சேர்த்தான். அதன் அதிர்வெண் 110. இரட்டைப் புள்ளியில் விரல் வைத்து மீட்டினான். 220 வர வேண்டும். வந்தது 208.

"மாமா, இது சேரலீங்களே" என்றான். மெட்டுத்தான் தவறிவிட்டது என்று எண்ணி அவன் முகம் வெளுத்துவிட்டது. பலகை ஒன்றுதானே?

தவறு மெட்டிலா, புள்ளியிலா? இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. உங்கள் பள்ளியில் கிட்டார் இருந்தால் செய்து பாருங்கள். கம்பியின் சரிபாதியில் விரலை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுத்துவிடுங்கள். தொட்ட இடம் கணுவாகிவிடும். கம்பி இரு பகுதிகளாக அதிர்ந்து, மணி ஒலி போன்ற மேற்சுரம் பிறக்கும். அதன் அதிர்வெண் இருமடங்கு. இதற்கு மெட்டின் உதவி தேவையில்லை; கம்பியே தன் நடுவைச் சொல்லிவிடுகிறது. அந்த இடத்துக்கு நேர்கீழே இருக்கும் மெட்டுத்தான் பன்னிரண்டாவது. அடுத்து, அதே மெட்டில் கம்பியை அழுத்தி மீட்டுங்கள். இரண்டு ஒலியும் ஒன்றானால் மெட்டும் குதிரையும் சரியான இடத்தில் உள்ளன.

நாங்கள் தொட்ட இடத்துக்குக் கீழே மெட்டு இருந்தது. இரட்டைப் புள்ளி இல்லை. அழுத்தியும் பார்த்தோம். ஒலி ஒன்றியது. பையனின் மூச்சு திரும்பியது. எனக்குத்தான் வெட்கம்.

மெட்டு சரியாக இருந்து புள்ளி மட்டும் தவறினால் பலகையைக் காப்பாற்றிவிடலாம். சூடான சால்டரிங் அயர்ன் முனையைச் சிப்பியின்மேல் சற்று நேரம் வைத்தால் அடியிலுள்ள பசை இளகும். ஊசியால் நெம்பி எடுக்கலாம். (ஆறில் ஒன்று வெடித்துச் சிதறியது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள்.) துளையை அடைப்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. வட்டமான குச்சியைச் செருகி அறுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் குச்சியின் வெட்டு முகத்தில் மரத்தின் நாளங்கள் வாய் திறந்து நிற்கும். அவை எண்ணெயை உறிஞ்சிக் கறுத்துப் புள்ளியாகவே தெரியும். ஆகவே அதே சட்டத்தின் மிச்சத் துண்டில், ரேகை நீளவாக்கில் ஓடும்படி மெல்லிய வட்டங்களாக வெட்டி, பலகையின் ரேகையோடு ரேகை பொருந்தத் திருப்பி ஒட்டினோம். விளிம்பில் விழுந்த மயிரிழைச் சந்துகளை அதே மரத்தின் அறுப்புத் தூளைப் பசையில் குழைத்து நிரப்பினோம். ஈட்டியின் கருமை தவறுகளை நன்றாக மறைக்கும். வெளிர் மரமாயிருந்தால் இவ்வளவு எளிதில் தப்பியிருக்க முடியாது.

மெட்டே தவறியிருந்தால்? பன்னிரண்டாம் மெட்டு 1 மி.மீ. விலகினால் அதிர்வெண் ஏறத்தாழ 0.3 சதவீதம் மாறும். அரைச்சுரப் படியை 100 பங்காக்கினால் இது 5 பங்கு. நல்ல செவிக்கு உறுத்தத் தொடங்கும் அளவு. அப்போது மெட்டைப் பிடுங்கி, பள்ளத்தை மரச்செதிலால் அடைத்து, புதிதாக அறுக்க வேண்டும். ஒரு மெட்டு என்றால் செய்யலாம். பத்து என்றால் பலகை அடுப்புக்குத்தான்.

இந்தத் தொல்லையே இல்லாமல் செய்துவிட்டவர்கள் நம் வீணைக் கலைஞர்கள். தஞ்சாவூர் வீணையின் தண்டியில் இரண்டு நீண்ட மெழுகு வரப்புகள் இருக்கும். தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்த கறுப்பு மெழுகு. அவற்றின்மேல் 24 வெண்கல மெட்டுகள் குறுக்கே நிற்கும். இவற்றை அமைப்பதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். (தவில் மேளம் அல்ல.) வீணையில் மெட்டு வைக்கும் முறையை 1550-இலேயே ராமாமாத்தியர் தம் ஸ்வரமேளகலாநிதியில் விளக்கியிருக்கிறார். எல்லா இராகங்களையும் வாசிக்கத்தக்க 24 மெட்டு அமைப்பு, தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தது என்பது மரபு.

தஞ்சையில் ஒரு பட்டறையில் மேளம் கட்டுவதை அருகிருந்து பார்த்தேன். அந்தப் பெரியவர் அளவுகோலைத் தொடவே இல்லை. கம்பியை மீட்டுவார், மெட்டை மயிரிழை நகர்த்துவார், மறுபடி மீட்டுவார், சுரம் சேர்ந்ததும் மெழுகில் நிறுத்துவார். கணக்குப் போட்டு வைத்தால் என்ன என்று கேட்டேன். "விரல் அழுத்தத்தை உங்க கணக்கு எங்கே வைக்கும் சார்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

சரியான கேள்வி. கம்பியை மெட்டுவரை அழுத்தும்போது அது சிறிது நீள்கிறது, இழுவிசை கூடுகிறது, ஒலி சற்று ஏறிவிடுகிறது. 'இழுவிசை மாறாதபோது' என்று நாம் விதியில் எழுதிய சொற்களை விரல் மீறிவிடுகிறது. கம்பியின் பருமனையும் மெட்டின் உயரத்தையும் பொறுத்து இந்த ஏற்றம் வேறுபடும். செவியால் வைப்பவருக்கு இவையெல்லாம் சேர்ந்தே கேட்கின்றன. கிட்டாரில் மெட்டை நகர்த்த முடியாததால் குதிரையை 2, 3 மி.மீ. பின்னுக்குத் தள்ளி ஈடுசெய்கிறார்கள். 18-இல் ஒரு பங்கு விதியின் குறை இங்கேதான் உதவிக்கு வருகிறது. அது மெட்டைத் தலைப்பக்கமாகச் சற்றுத் தள்ளி ஒலியை இறக்குகிறது. விரல் அழுத்தம் ஏற்றுகிறது. ஒன்றையொன்று ஓரளவு கழித்துவிடும்.

மெழுகுக்கும் ஒரு விலை உண்டு. வெயிலில் இளகும், நாளாவட்டத்தில் மெட்டு அசையும், கம்பி உராய்ந்து வெண்கலத்தில் பள்ளம் விழும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளத்தை உருக்கி மறுபடி கட்டியாக வேண்டும்.

எங்கள் கிட்டாரில் புதிய புள்ளிகள் 3, 5, 7, 9, 12-இல் அமர்ந்துவிட்டன. இம்முறை குறித்தவன் பையன். நட்டின்மேல் பென்சிலால் பெரிதாக ஒரு பூச்சியம் எழுதிக்கொண்டுதான் எண்ணத் தொடங்கினான். பலகையைச் சன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் பழைய துளைகளில் நான்கு எனக்கே தெரிவதில்லை. பதினோராம் இடத்தில் இருந்த இரண்டு மட்டும், ரேகை கொஞ்சம் திரும்பி ஒட்டிவிட்டதால், மாலை வெயிலில் மங்கலாகத் தெரிகின்றன.