பில் இல்லாத மாத்திரை யாருடையது?

சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரும் பையன்களிடம் இப்போதெல்லாம் முதலில் சட்டையை மடக்கச் சொல்கிறேன். பல்வலி என்று வந்திருப்பான், காய்ச்சல் என்று வந்திருப்பான். முழங்கை மடிப்பில் கறுத்த தழும்புகள் வரிசையாக இருக்கும். ரத்தநாளம் கயிறு மாதிரி இறுகிப்போய், அதன் கீழே சீழ் கட்டியிருக்கும். கேட்டால் பூச்சி கடித்தது, வண்டியிலிருந்து விழுந்தேன், பட்டறையில் உலோகம் தெறித்தது என்பார்கள். சுவாமிமலையில் சிலை வார்க்கிற பட்டறைகளுக்குப் பக்கத்தில் வைத்தியம் பார்க்கிறவனிடம் இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லாமல் இருக்கலாம். வார்ப்புத் தெறித்த புண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இவர்கள் ஏற்றிக்கொள்வது கஞ்சாவும் இல்லை, ஹெராயினும் இல்லை. டேபென்டடால் என்ற வலி மாத்திரை. லைசென்ஸ் உள்ள கம்பெனியில் தயாராகி, அட்டையில் அடைத்து, மொத்த வியாபாரி வழியாக மெடிக்கலுக்கு வந்த சரக்கு. டாக்டர் சீட்டு இல்லாமல் அது கடையை விட்டு வெளியே வரக் கூடாது. வருகிறது.

இன்னொரு பக்கம், புற்றுநோய் எலும்பு வரை பரவிய கணவருக்கு வலி மாத்திரை வாங்கப் போன அம்மா திரும்பி வந்து, “ஸ்டாக் இல்லியாம் சார், ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்றாங்க” என்கிறார். போன முறை பத்து மாத்திரைக்குக் காசு வாங்கிக்கொண்டு கவரில் போட்டுக் கொடுத்தது எட்டுதானாம். எண்ணிப் பார்த்தது வீட்டுக்குப் போன பிறகு. பில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை.

கடைக்குள் என்ன நடக்கிறது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் இன்சுலின் எடுத்துக் கொடுக்கிற மருந்தாளுநர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். என் சீட்டில் அளவு தெளிவாக இல்லை என்றால் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது இல்லை.

1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும். ஆனால் எத்தனையோ கடைகளில் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும், அதற்கு உரியவர் வேறெங்கோ இருப்பார். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு தம்பி. சம்பளம் சொற்பம். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அட்டைக்கு வெளியே பல மடங்கு விலை. தினமும் சாயங்காலம் பைக்கில் வந்து நின்று “இருக்கா?” என்று கேட்க ஒருவன் இருக்கிறான்.

திருட்டு பிடிபடாமல் போவது எப்படி? இங்கேதான் நாமெல்லாம் உள்ளே வருகிறோம். 2014 மார்ச் 1 முதல் ‘ஹெச்-1’ அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. அல்பிரசோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகள், டிரமடால், கோடீன், காசநோய் மருந்துகள், வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள் எல்லாம் அதில் வரும். டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆனால் நீங்களும் நானும் தெரிந்தவர் கடைக்குப் போய், “தம்பி, தூக்கம் வரலப்பா, அந்தச் சின்ன மாத்திரை நாலு குடு” என்று கேட்டு, பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறோம். இப்படி நாளுக்கு முப்பது பேர் வாங்கினால், இருப்பும் கணக்கும் பொருந்தாதது அந்தக் கடையின் வழக்கமாகிவிடும். அந்த இடைவெளிக்குள் ஓர் அட்டை காணாமல் போனால் யார் கண்டுபிடிப்பது? முதலாளி பதிவேட்டில் நாலு பெயரை எழுதி நேர்செய்துவிடுவார். அதில் ஒரு பெயர் உங்களுடையதாகவும் இருக்கலாம்.

மருந்து மாறினாலும் இந்த வழி மாறுவதில்லை. டிரமடாலை 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதை விற்பதும் வாங்குவதும் கடினமானதும் டேபென்டடால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சென்னையில் சில ஆண்டுகளாகப் போலீஸ் பிடிக்கிற வழக்குகளில் மருந்துக் கடைக்காரர்களும், மருந்து விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவர்களும் வருகிறார்கள். கடல் தாண்டியும் இதே கதைதான். மும்பையின் ஏவியோ என்ற கம்பெனி, டேபென்டடாலையும் கரிசோப்ரடாலையும் ஒரே மாத்திரையில் கலந்து கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் தெருக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை 2025 பிப்ரவரியில் பிபிசி வெளிக்கொண்டு வந்தது. அதன் பிறகுதான் மத்திய அரசு அந்தக் கலவையின் ஏற்றுமதி அனுமதியை ரத்து செய்தது.

“கம்பெனி மாத்திரைதானே டாக்டர்?”

நான் அதிகம் கேட்கிற வாக்கியம் இது. சாராயத்தில் என்ன கலந்திருக்கிறான் என்று தெரியாது, இதிலாவது எழுதியிருக்கிறதே என்கிறார்கள். எழுதியிருக்கிறதை வைத்தே சொல்கிறேன். அது விழுங்குவதற்குச் செய்த மாத்திரை. மருந்தோடு மாவுப்பொருளும் டால்க் தூளும் சேர்த்து இறுக்கியிருப்பார்கள். வயிற்றுக்குள் போனால் இவற்றால் தொல்லை இல்லை. தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றினால் கரையாத துகள்கள் நேரே நுரையீரலின் நுண்ணிய ரத்தநாளங்களில் போய் அடைக்கும். தவறித் தமனியில் ஏறிவிட்டால் விரல்கள் கறுத்துவிடும். விரலை எடுக்க வேண்டிவரும், சில சமயம் கையையே. பஞ்சில் வடிகட்டினேன், கொதிக்கவைத்தேன் என்று என்னிடம் விளக்குகிறார்கள். பஞ்சு எதைத் தடுக்கும் என்று நினைக்கிறீர்கள்?

“நான் தனி ஊசிதான் போடுகிறேன்.” சரி. கரைக்கிற மூடி? தண்ணீர்? அதை மூன்று பேரும் பகிர்ந்துகொள்கிறீர்களே. ஹெபடைடிஸ் சி கிருமிக்கு அது போதும். அமெரிக்காவில் ஊர் ஊராக ஆஸ்பத்திரி மாறி வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன், நோயாளிகளுக்கென வைத்திருந்த ஃபென்டனில் ஊசிகளைத் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, காலியானதில் உப்பு நீரை நிரப்பி அதே இடத்தில் வைத்துவிடுவான். 2012-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அவன் குட்டு வெளிப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அவனிடமிருந்து ஹெபடைடிஸ் சி தொற்றியிருந்தது. 39 வருஷம் சிறை கிடைத்தது. திருடினது ஒருவன், ஈரல் கெட்டது யாருக்கு?

“கட்டிதானே, பழுக்கட்டும்.” கொடிக்கால் ஊர் இது. வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, வாட்டி, கட்டிமேல் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுகிறார்கள். வேனல்கட்டிக்கு உங்கள் பாட்டி செய்தது வேறு. இது அழுக்கு ஊசியால் ரத்தநாளத்துக்குள் போன கிருமி. இதய வால்வு வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து நாள் பற்றுப் போட்டுவிட்டுக் குளிர் நடுக்கத்தோடு வருகிறவனை நான் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குத்தான் அனுப்ப முடியும்.

“மோர் கொடுத்தால் தெளிந்துவிடும்.” தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், மோர் எதுவும் வேண்டாம். இந்த மருந்து அளவு மீறினால் மூச்சு குறைந்துகொண்டே போகும். பீரோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்திருந்தால் நின்றேவிடும். மயங்கிக் கிடப்பவன் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குத்தான் போகும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், என்ன போட்டான் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். நலோக்சோன் என்று முறிவு மருந்து இருக்கிறது. நண்பர்கள் பயந்துகொண்டு “வெயில்ல மயங்கிட்டான் சார்” என்று சொன்னால், அதைப் போட வேண்டும் என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது, கோவிலில் சத்தியம் வாங்குவது. அறுபது படியும் ஏறி, சுவாமிநாதன் சன்னதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வருகிறான் பிள்ளை. முருகன்மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பத்து இருபது நாள் நிறுத்தினால் உடம்பு அந்த மருந்தைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். திரும்ப ஒருநாள் பழைய அளவையே போட்டான் என்றால் அதுவே உயிரை எடுக்கும். அறையில் பூட்டி வைப்பதும் இதே வகை. மாற்று மருந்து கொடுத்து மெல்லக் குறைக்கிற வைத்தியம் மனநலப் பிரிவில் இருக்கிறது. சத்தியம் செய்த கையோடு அங்கேயும் கூட்டிப்போங்கள்.

கடைசியாகப் பொட்டலம். குறுவை அறுவடை ஆரம்பித்தால் என் கிளினிக்கில் முகம் ஊதிய பெண்கள் வர ஆரம்பிப்பார்கள். “உடம்பு வலிக்கு மெடிக்கல்ல ஒரு செட் வாங்கிப் போட்டேங்க, பசி எடுக்குது, கொஞ்சம் பூசினாப்ல இருக்கேன்.” நாலு மாத்திரையை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். ஒன்று டைக்ளோஃபெனாக், இன்னொன்று ஸ்டீராய்டு, மற்றவை கொடுத்தவருக்கே வெளிச்சம். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைக்குப் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. திருடிய சரக்கையும் தேதி போன சரக்கையும் தள்ளிவிடப் பொட்டலத்தைவிட வசதியான வழி கிடையாது. வீக்கத்தைப் பூசினாற்போல் என்று சந்தோஷப்படுகிற அந்த அக்காவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கும், குடல் புண்ணில் ரத்தம் கசியும், சிறுநீரகம் சுருங்க ஆரம்பித்திருக்கும்.

தேதி போன சரக்கு என்றதும் சிரிக்க வேண்டாம். 2010-இல் சென்னை கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு அழிக்க அனுப்பிய காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, தேதியை மாற்றி மறுபடி கடைகளுக்கு விற்ற கும்பல் பிடிபட்டதே, மறந்துவிட்டதா? சிபிசிஐடி விசாரித்தது. அதில் இருந்தவர்கள் மருந்து வியாபாரம் தெரிந்தவர்கள். கொரோனா காலத்திலும் அப்படித்தான். 2021 மே மாதம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்காக இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். அரசு கவுன்டரில் ஒரு குப்பி சுமார் ஆயிரத்து ஐநூறு ரூபாய். கள்ளச்சந்தையில் அதற்குப் பத்து மடங்குக்கும் மேல். கைதானவர்களில் ஆஸ்பத்திரி ஊழியர்களும் மெடிக்கல்காரர்களும் இருந்தார்கள். இத்தனைக்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிகளுக்கு அந்த மருந்து தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைத்திருந்தது.

பரிசோதனை

ஊசி ஏற்றிக்கொண்டவர்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, ரத்தக் கல்ச்சர், தேவைப்பட்டால் இதயத்துக்கு எக்கோ பார்க்க வேண்டும். கடையில் விற்கிற சிறுநீர் கிட் டேபென்டடாலைக் காட்டாது, அதை நம்பி “நம்ம பிள்ளை சுத்தம்” என்று இருந்துவிடாதீர்கள்.

உங்களிடம் கெஞ்சிக் கேட்பது

பில் கேளுங்கள். நாலு மாத்திரைக்கும் கேளுங்கள். அதில் பேட்ச் எண் இருக்க வேண்டும். சீட்டில் மருந்து கொடுத்த கடையின் பெயரையும் தேதியையும் குறிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்படிக் குறித்தால் அதே சீட்டை வைத்து இன்னொருவர் பத்துக் கடையில் வாங்க முடியாது. போன வருஷச் சீட்டைப் பாலிதீன் கவரில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பெரியவர்களே, அது ரேஷன் கார்டு இல்லை ஐயா. அட்டையை வெட்டிக் கொடுத்தால் தேதி இருக்கும் பக்கத்தைக் கேளுங்கள். ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்த மாத்திரையைத் தனியார் கடையில் பார்த்தால், அது அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியது. வாங்காதீர்கள், மருந்து ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். விலைதான் கஷ்டம் என்றால் மக்கள் மருந்தகமும் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன.

கடை முதலாளிகளே, உங்கள் தம்பிக்கு இரண்டாயிரம் ரூபாய் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள். தூக்க மாத்திரையையும் வலி மாத்திரையையும் தனி அலமாரியில் பூட்டி, வாரம் ஒருமுறை நீங்களே எண்ணுங்கள். தம்பி, உனக்கும்தான் சொல்கிறேன். இன்றைக்கு எடுத்துக் கொடுக்கிறவன் நாளைக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நோயாளி இறந்துபோனால் அவருடைய மருந்துப் பை பீரோ மேலேயே கிடக்கும். யாராவது ஏழைக்கு உதவும் என்று மெடிக்கலில் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. கணக்கில் ஏறாத அந்த மாத்திரை எந்த ஏழைக்கும் போகாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவெல்லாம் கூடுவதற்கு முன் அந்தப் பையை எடுத்துப் பாருங்கள். காவிரியிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். வீட்டில் விட்டுவைக்கவே கூடாது என்று 17 மருந்துகளை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் பட்டியலிட்டிருக்கிறது. டேபென்டடால், டிரமடால், மார்ஃபின், டயஸிபாம் அதில் உண்டு. இவற்றை மட்டும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டு அழிக்கலாம். எது எது என்று தெரியாவிட்டால் பையோடு என்னிடம் கொண்டுவாருங்கள், பிரித்துத் தருகிறேன், பீஸ் வேண்டாம்.

போதைக்கு மாத்திரையை எங்கே விற்கிறார்கள் என்று தெரிந்தால் 1933-க்குச் சொல்லுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. விட முடியாமல் தவிக்கிறவர்கள் 14446-க்குப் பேசலாம். மனசு தாங்கவில்லை என்றால் 14416, தமிழிலேயே பேசுவார்கள்.